இருபத்து மூன்றாம் மாதம்

மஞ்சணத்தி விலக்கில் தங்கமாரியப்பனின் பாத்திரக்கடை பதின்மூன்று மாதம் திறக்காமல் கிடந்ததற்கும், அவன் பெண்டாட்டி சங்கரேஸ்வரி இருபத்து மூன்று மாதம் பிள்ளையை வயிற்றில் சுமந்ததற்கும் நான் சொன்ன ஓர் இங்கிலீஷ் வார்த்தைதான் காரணம் என்று இன்றைக்கும் அந்த ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். ஆனால் மூன்று டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தவள் நான், மாடிப்படி ஏறி ஏறி வந்து என் உயிரை வாங்கியவர்கள் அவர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லும் உரிமை எனக்குத்தான் இருக்கிறது.

என் பெயர் ஜெபமணி. பதினேழு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்திவிட்டு, தலைமையாசிரியையோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குச் சாலை பிரியும் அந்த விலக்கில் மூன்று கடைகள் உள்ள ஒரு கட்டடத்தின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்திருந்தேன். கீழே இடது கோடியில் பால்பாண்டியின் டீக்கடை, வலது கோடியில் ராக்கம்மாளின் பூக்கடை. நடுவில் இருந்த பெரிய கடையைத் தங்கமாரியப்பன் பிடித்து, அண்டாவும் குண்டாவும் தூக்குவாளியும் இட்லிக் கொப்பரையுமாக இறக்கி, கூரை முட்ட அடுக்கினான். கடைக்குப் பின்னாலேயே வீடு. சாமான் அடுக்கி முடித்த அன்று, வைகாசி மாதம், காலையில் மாடிக்கு வந்தான்.

"டீச்சர், விரைவில்னு போர்டுல போடணும். இங்கிலீஷ்ல என்ன வார்த்தை?"

"சூன்."

"அம்புட்டுதானா? ரொம்பச் சின்னதா இருக்கே."

"அம்புட்டுதான்."

போகும்போது, கடையின் ஒரு சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டு, இன்னொன்றை என்னிடம் கொடுத்தான். உள்ளே வயரிங் எல்லாம் புதுசு, ஏதாவது புகைந்தால் திறந்து பார்க்க மாடியில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றான். வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

மறுநாள் உச்சிவேளையில் ஃப்ளெக்ஸ் பலகை வந்தது. மேலே தமிழில் 'விரைவில் திறப்பு விழா', அதன் கீழே என் தலையைவிடப் பெரிய மஞ்சள் எழுத்தில் நான் கொடுத்த இங்கிலீஷ். ஷட்டருக்கு மேலே தெருப்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள். நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, நிறைமாதக்காரி சங்கரேஸ்வரி இடுப்பில் கைவைத்தபடி கீழே வந்து நின்றாள். அன்று காலையில்தான் மரகதம் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இந்த வாரத்துக்குள் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பலகையின் நிழல் சங்கரேஸ்வரியின் உச்சந்தலையிலிருந்து கால்வரை விழுந்தது. நடந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் வலி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள், நாற்பதாவது வாரம், பிள்ளை ஜோராக இருக்கிறது, ரெண்டு நாள் பொறுத்து வலி வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாதம் கழித்துப் போனாலும் மிஷினில் நாற்பதாவது வாரம் என்றே காட்டியது, மூன்று மாதம் கழித்துப் போனாலும் நாற்பதாவது வாரம், பிள்ளையின் எடையில் ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவில்லை, நல்லபடியாக இருக்கிற பிள்ளையை எதற்கு அவசரப்பட்டு அறுக்க வேண்டும், விரைவில் தானாகவே பிறந்துவிடும் என்று டாக்டரம்மா சிரித்த முகத்தோடு சொல்ல, மரகதம் நர்ஸும் வாராவாரம் வந்து அதே சொல்லை அட்டையில் எழுதி, அட்டை தீர்ந்து இரண்டாவது அட்டையும் பின் குத்தினாள்.

நிழலின் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தவள் பூக்கார ராக்கம்மாள். கூடையை வெயிலுக்கு ஒதுக்கிப் பலகைக்குக் கீழே வைத்தாள், சாயங்காலம் வெடிக்க வேண்டிய மல்லிகை மொட்டு மறுநாள் வரை மொட்டாகவே இருந்தது, நாலாம் நாளும் மொட்டாகவே இருந்தது. அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று கூடையை நிரந்தரமாக அங்கேயே வைத்துவிட்டாள். அதைப் பார்த்த பால்பாண்டி பால் சட்டியின் அடுப்பை இரண்டடி தள்ளிப் போட்டான், பொங்கும் விளிம்புக்கு வந்த பால் அங்கேயே நின்றது, அடியும் பிடிக்கவில்லை, பொங்கியும் வழியவில்லை, நாள் முழுக்கக் கொதிக்கக் கொதிக்க டீ. பிறகு அவன் தன் அப்பாவைக் கொண்டுவந்தான்.

பால்பாண்டியின் அப்பா சின்னமருது முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டது, இனி இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய மனுஷன். தாய் இல்லாத பால்பாண்டிக்கு அப்பாவைத் தவிர நாதியில்லை. கட்டிலோடு தூக்கிவந்து நிழலில் போட்டான். சின்னமருது சாகவில்லை. இன்றைக்கும் சாகவில்லை, நாளைக்கும் சாகவில்லை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி போகிற வருகிற வண்டிகளின் டயரையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு கிடந்தார்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? ஆடுகிற பல் விழுந்துவிடக் கூடாது என்று ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். மகள் நாளை மறுநாள் புருஷன் வீட்டுக்குப் போகிறாளே என்று ஒரு தாய் மகளைக் கூட்டிவந்து நிழலில் நிறுத்த, அந்தப் பெண் கையில் பெட்டியோடு எட்டு மாதம் புறப்பட்டுக்கொண்டே இருந்தாள், மாப்பிள்ளையும் தன் ஊரில் எட்டு மாதம் புறப்பட்டுக்கொண்டே இருந்தான். டவுன் பஸ் கண்டக்டர் விலக்கின் பெயரையே மறந்து, "நிழல் எல்லாம் இறங்கு" என்று விசிலடித்தார். யார் எங்கே உட்காருவது, எத்தனை மணி வரை என்று கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். ஊருக்கு எல்லாம் சுகம். ஒருமுறை பட்ட நிழல் டவுனுக்குப் போனாலும் விடவில்லை என்று, கயிற்றுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாளே சங்கரேஸ்வரி, அவளுக்கு மட்டும்தான் நரகம்.

"மல்லாந்து படுக்க முடியல, குப்புறப் படுக்க முடியல, ஒருக்களிச்சா உள்ள இருக்கிறது உதைக்குது," என்பாள். "நல்லாருக்கியான்னு கேக்க வாராக, கேட்டுட்டு மல்லிப்பூ வாங்கிட்டுப் போறாக."

"உனக்காவது உள்ள ஆள் இருக்கு தாயி," என்று கட்டிலிலிருந்து சின்னமருது சொல்வார். "எனக்கு உள்ள காத்து மட்டுந்தான் இருக்கு. அதுவும் போகமாட்டேங்குது."

வர முடியாத ஒன்றைச் சுமந்தவளும் போக முடியாத ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். அவர் இருமினால் இவள் திட்டுவாள், இவள் புலம்பினால் அவர் திட்டுவார், மத்தியானம் ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடிப்பார்கள்.

கடையைத் திறந்தால் பலகை இறங்கிவிடும், அப்புறம் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ரிப்பனை யார் வெட்டுவது என்று முடிவாகவில்லை, அதனால் திறக்கவில்லை. தங்கமாரியப்பனின் அக்காள் புருஷன் அழகுராஜா ஒரு பக்கம், சங்கரேஸ்வரியின் அண்ணன் வேல்ச்சாமி ஒரு பக்கம். முதல் பத்திரிகையில் ரிப்பன் வெட்டுபவர் அழகுராஜா, அதற்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றுபவர் வேல்ச்சாமி என்று அச்சாயிற்று, தன் பெயர் கீழே கிடக்கிறது என்று வேல்ச்சாமி பத்திரிகையைக் கிழித்தார். பெயரை மேலே ஏற்றி இரண்டாவது பத்திரிகை அடித்ததும், மூத்த மாப்பிள்ளை நான் இருக்க நேற்று வந்தவன் எனக்கு மேலா என்று அழகுராஜா பேச்சை நிறுத்தினார். மூன்றாவதில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டதற்கு, வரியில் முதலில் யார் என்று தகராறு. வட்டமாக அடித்துவிடலாமே என்று அச்சகத்துக்காரர் யோசனை சொன்னார், வட்டத்தில் தலை எது கால் எது என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். தங்கமாரியப்பன் அத்தானுக்கும் பயந்தவன், மச்சானுக்கும் பயந்தவன். திறப்பு விழா நடக்காத கடைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, திறக்கும் முன்னால் பலகையை இறக்கினால் வியாபாரம் எழும்பாது என்று இரண்டு சாஸ்திரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தான். ஐப்பசியில் ஒரு காற்று பலகையைப் பிய்த்து எறிந்தது. சங்கரேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். அரைமணி நேரத்தில் பால்பாண்டியும் ராக்கம்மாளும் பல் ஆடுகிறவரும் சேர்ந்து, முன்னைவிடக் கெட்டியான கம்பியால் பலகையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

பலகையை இறக்க மாட்டார்கள், கடையைத் திறக்க மாட்டார்கள், ஆனால் சங்கரேஸ்வரிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் மனசு இருந்தது. அதனால் வார்த்தையை மாற்றலாம் என்று முடிவு செய்து என்னிடம் வந்தார்கள். பழி என் மேல்தானே!

மூன்று டிக்‌ஷனரியை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் ஷார்ட்லி என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். பிள்ளை வரவில்லை. அதற்கு 'வெடுக்கென்று' என்றும் ஓர் அர்த்தம் இருந்தது, நிழலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒற்றைச் சொல்லில் வெடுக்கு வெடுக்கென்று பேச ஆரம்பித்தார்கள். டீ கேட்டால் "இல்ல", பூ கேட்டால் "போ". பத்து நாளில் மூன்று கைகலப்பு. கிழித்துவிட்டு பிரசண்ட்லி ஒட்டினோம், அதற்கு 'இப்போது' என்று ஓர் அர்த்தமும் 'கொஞ்சம் கழித்து' என்று ஓர் அர்த்தமும் டிக்‌ஷனரியில் அடுத்தடுத்து இருந்தன, சங்கரேஸ்வரிக்கு வலி வந்தது, நின்றது, வந்தது, நின்றது, ஒரே பகலில் பதினெட்டுத் தடவை. அவள் போட்ட சத்தத்தில் நானே நாற்காலி மேல் ஏறி அதைக் கிழித்தேன்.

பிறகு பழைய இங்கிலீஷ் சொல் ஒன்றைக் கண்டுபிடித்தேன், அனான். அதற்கும் விரைவில் என்றுதான் அர்த்தம். ஸ்டிக்கர் ஒட்டி ஒருமணி நேரம் ஆகவில்லை, அழகுராஜா பைக்கில் வந்து இறங்கினார், எதிர்த் திசையிலிருந்து வேல்ச்சாமியும் வந்து இறங்கினார்.

"யாருவே அந்த அனான்?" என்றார் அழகுராஜா. "எங்க பேரைப் பத்திரிகையில போடவே உனக்கு எடமில்ல, எவனோ ஒருத்தன் பேரைப் போர்டுலயே போட்டிருக்க!"

"பங்குக்கு ஆள் சேத்திருக்கான் அத்தான்," என்றார் வேல்ச்சாமி. இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் ஆமோதித்தது அந்த ஒரு நாள்தான்.

தங்கமாரியப்பன் என்னைக் கைகாட்டினான். அனான் மனுஷப் பெயர் இல்லை, வினையடை என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். வினையடை எந்த ஊர்க்காரர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றோடு இருந்த சமாதானப் பேச்சும் முறிந்தது.

அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காமல் டிக்‌ஷனரியின் பின்பக்கத்தில் சொற்களின் பூர்வீகத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சூன் என்ற சொல்லுக்கு 'இந்தக் கணமே' என்றுதான் அர்த்தமாம். அனானுக்கும் 'இந்தக் கணமே'. பிரசண்ட்லிக்கும் 'இந்தக் கணமே'. அந்தத் தேசத்து ஜனங்கள் இந்தக் கணமே, இந்தக் கணமே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் இருந்து இருந்து, ஒவ்வொரு சொல்லும் காத்துக் காத்துச் சோர்ந்து 'கொஞ்சம் கழித்து' ஆகிவிட்டதாம். ஒன்று சோர்ந்ததும் இன்னொன்றைப் பிடித்து வைத்தார்கள், அதுவும் சோர்ந்தது. அவர்களை ஏன் சொல்ல வேண்டும்? நம் 'விரைவில்' என்பதற்கு வேகமாக என்றுதானே அர்த்தம், அதைப் பலகையில் பார்த்தால் எந்தத் தமிழனாவது வேகமாக என்று நினைப்பானா? 'இதோ வந்துட்டேன்' என்று போனில் சொல்கிறவன் இன்னும் சட்டை போடவில்லை என்று நமக்குத் தெரியாதா? 'இப்பவே' என்றால் நாளைக்கு, 'உடனே' என்றால் பொங்கலுக்கு அப்புறம். சொல்லைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்!

மாடியிலிருந்து இறங்கிப் போய்த் தங்கமாரியப்பனிடம், "பேசாம நௌன்னு போடுங்க. இப்போதுன்னு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது," என்றேன்.

அவன் பதறிப்போனான். "அதெப்படிப் போட முடியும் டீச்சர்? அப்படிப் போட்டா திறக்கணுமே!"

பழைய சூனையே மறுபடி ஒட்டினோம்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஒருநாள் சங்கரேஸ்வரி எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள், "டீச்சர், யானைக்குக்கூட இருபத்திரண்டு மாசந்தானாம். நான் யானையையும் தாண்டிட்டேன்." சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "இது என்ன பிள்ளைன்னு தெரியல, கறுப்பா சிவப்பான்னு தெரியல, ஆனா இது பொறுமையா இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு. உதைக்கிறதும் இப்பக் குறைஞ்சுபோச்சு. வெளிய வரணும்கிற ஆசையே அதுக்கு விட்டுப்போச்சோ என்னமோ," என்றாள். மரகதம் நர்ஸ் வந்து குழலை வைத்துக் கேட்டாள். நாற்பதாவது வாரம் என்று எழுதினாள், ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் எழுதினாள்.

ஆனி மாதம் கடைசி நாள் காலை பதினோரு மணி இருக்கும். தங்கமாரியப்பன் டவுனுக்குப் போய் அத்தானையும் மச்சானையும் பார்த்துவிட்டு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

"நாளைக்கு ஆடி பிறக்குது. ஆடியில கடை திறக்க முடியாது. ஆவணியில வச்சுக்கலாம்னு ரெண்டு பேரும் சொல்லியாச்சு. எல்லாம் விரைவில முடிஞ்சிரும்."

சங்கரேஸ்வரி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். கயிற்றைத் தூக்கிவிட்டு, மாடிப்படியில் ஒரு படிக்கு ஒருமுறை நின்று நின்று இருபது படியும் ஏறி, மாணவர்கள் உட்கார்ந்திருந்த என் வகுப்புக்குள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னும் ஏதாவது வார்த்தை இருக்கா?"

இருக்கிறதா பார்க்கலாம் என்று, மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். கையோடு வந்தது சாவி.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பேனா தேடும்போது விரலில் படும், பஸ்ஸுக்குச் சில்லறை தேடும்போது விரலில் படும். ஊரான் கடை, அத்தான் மச்சான் சண்டை, நாம் யார் நடுவில் என்று ஒவ்வொரு தடவையும் அடியில் தள்ளிவிட்டு வார்த்தை தேடப் போய்விடுவேன். பதின்மூன்று மாதம். சங்கரேஸ்வரி சாவியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

நானும் மாணவர்களும் பின்னால் இறங்கினோம். தங்கமாரியப்பன், "அடியேய், அத்தான் என்ன சொல்வாக!" என்று அலறிக்கொண்டே பின்னால் போனான், போனைக் காதில் வைத்து அத்தானுக்கும் மச்சானுக்கும் தகவல் சொல்லிக்கொண்டே போனான். பால்பாண்டி ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். கையில் டீக் கரண்டி, கண்ணில் தண்ணீர்.

"மதினி, உங்க கால்ல விழுதேன். நீங்க இதைத் தூக்கினா எங்கப்பா போயிருவாரு. இன்னும் கொஞ்ச நாள்."

அவள் அவனைத் தள்ளவில்லை. கட்டில் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. வேண்டாம்னா நான் திரும்பிப் போய் உக்காந்துக்கிருதேன்."

சின்னமருது முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். அவ்வளவு தூக்கி நாங்கள் பார்த்ததில்லை. "ஏலே பால்பாண்டி, முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், ரயில்வே கேட்டுல இம்புட்டு நேரம் நின்னதில்லலே. எனக்குப் பின்னாடி ஒரு பிள்ளைத்தாச்சி வண்டி நின்னு ஆரன் அடிக்குது, காது கேக்கலையா உனக்கு? ஒதுங்கி வழியை விடுலே."

பால்பாண்டி அப்பாவைப் பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்தான். சங்கரேஸ்வரி பூட்டைத் திறந்துவிட்டு ஷட்டரைத் தூக்கக் குனியப் போனபோது, "நீங்க குனியாதீங்க மதினி," என்று சொல்லி, அவனே இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினான். ஓங்கி அழுதுகொண்டே தூக்கினான்.

ஷட்டர் உருண்டு மேலே போன சத்தத்தில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ராக்கம்மாளின் கூடையில் நாலு நாள் மொட்டெல்லாம் ஒரே மூச்சில் மலர்ந்து விலக்கு முழுக்க மணத்தது. ஆடின பல் விழுந்தது. பெட்டியோடு நின்ற பெண் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டாள், அவள் அம்மா கையசைக்கக்கூட நேரமில்லை. சங்கரேஸ்வரியின் காலடியில் பனிக்குடம் உடைந்து ஓடியது.

வாசலுக்குக் குறுக்கே, ஷட்டருக்கு உள்பக்கம், திறப்பு விழாவுக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன் வெயில் படாமல் புதுசாக இருந்தது. அவளைக் குனிய வைத்து ரிப்பனுக்குக் கீழே உள்ளே கொண்டுபோனோம். வெட்டிவிடலாம் என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மரகதம் நர்ஸ் ஓடி வந்தாள், ஆண்பிள்ளைகளை விரட்டினாள், வைக்கோலும் பேப்பரும் பிரிக்காத அண்டாக்களுக்கு நடுவில் என் மாணவிகளின் துப்பட்டாக்களைக் கட்டி மறைத்தாள். புது அண்டாவில் வெந்நீர் போட்டோம். பதின்மூன்று மாத வலியும் சேர்ந்து வந்தது. சங்கரேஸ்வரி தன் புருஷனையும், அத்தானையும், அண்ணனையும், என்னையும், இங்கிலீஷ்காரனையும் பேர் பேராகத் திட்டினாள். அனானையும் விடவில்லை. கூரை முட்ட அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் அதிர்ந்து பதில் சொன்னது. ஒருமணி நேரம் ஆகவில்லை, பிள்ளை வந்துவிட்டது.

"தொப்புள்கொடி வெட்டணும், ஏதாவது குடுங்க!" என்றாள் நர்ஸ். குத்துவிளக்குப் பக்கத்தில் பித்தளைத் தட்டில், ரிப்பன் வெட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த கத்தரிக்கோல் பளபளவென்று கிடந்தது. கொதிக்கிற நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளை முகத்தைச் சுளித்து, விலக்கே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. வெளியே கட்டிலிலிருந்து சின்னமருது கேட்டார், "என்ன பிள்ளை?"

"பொம்பளைப் பிள்ளை, பெரியப்பா," என்று உள்ளேயிருந்து சங்கரேஸ்வரி சொன்னாள்.

"ஆரன் நல்லாத்தான் இருக்கு," என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பால்பாண்டி அவர் தலையை மடியில் வைத்திருந்தான்.

அப்போதுதான் இரண்டு பைக் சேர்ந்தாற்போல் வந்து நின்றன. எங்களை விட்டுவிட்டு எவன் திறந்தது என்று அழகுராஜாவும் வேல்ச்சாமியும் வாசலுக்கு ஓடி வந்து, வெட்டாத ரிப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் சின்னதாக ஒரு நிம்மதி. கத்தரிக்கோல் எங்கே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்னால் துப்பட்டாவுக்குப் பின்னாலிருந்து சங்கரேஸ்வரியின் குரல் வந்தது.

"கத்தரிக்கோலுக்கு வேலை முடிஞ்சுபோச்சுண்ணே. வேணும்னா ஆளுக்கொரு பக்கமா நின்னு பல்லால கடிச்சு அறுங்க."

அவர்கள் அறுக்கவில்லை. ரிப்பன் அங்கேயே கிடந்து, சாயங்காலம் சின்னமருதுவின் பாடையைத் தூக்கிப் போகும்போது யாரோ மேல் பட்டு அறுந்தது. அவருடைய கூட்டாளிகள் லாரிகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்தி ஆரன் அடித்தார்கள். பலகையை அன்றைக்கே பால்பாண்டிதான் கழற்றினான். பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. பதினேழாம் நாள் கேட்காமலே ஒரு டீ மேலே வந்தது.

ஒரு மாதம் கழித்துச் சங்கரேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வகுப்பு இல்லாத மத்தியான நேரம். பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பொட்டு சரிசெய்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். அந்தச் சாவி உங்ககிட்ட எப்பருந்து இருந்துச்சு?"

"வைகாசியில இருந்து."

"எந்த வைகாசி?"

நான் மேஜையில் கிடந்த டிக்‌ஷனரியைப் பார்த்தேன். "போன வருஷத்து வைகாசி," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிறகு எழுந்து வந்து பிள்ளையை என் மடியில் போட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, அழுவதற்கு வாயைக் கோணியது.

"இவளைக் கொஞ்சம் வச்சிருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிச் செருகினாள். "குளிச்சிட்டு இதோ வந்துட்டேன்."

படியிறங்கிப் போனவள் குளித்தாள், கஞ்சி குடித்தாள், இருபத்து மூன்று மாதமாகப் படுக்க முடியாத குப்புறப் படுக்கையில் கட்டாந்தரையில் விழுந்து உறங்கினாள் என்று பிறகு தெரிந்தது. பிள்ளை இரண்டு தடவை என் புடவையை நனைத்தது, ராக்கம்மாள் வந்து பாட்டுப் பாடிப் பார்த்தாள், பால்பாண்டி பாலாடையில் தண்ணீர் கொண்டுவந்தான், பிள்ளை ஆரன் அடிப்பதை நிறுத்தவில்லை. சங்கரேஸ்வரி வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.